பின்பனிக் காலத்துக் குட்டை ஐரிஸ்: மணம் எங்கே போனது, பூ ஏன் திரும்பி வரவில்லை?

நீங்கள் எழுதியதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். 'மணமுள்ள குட்டை ஐரிஸ்' என்று அட்டையில் போட்டிருந்த 25 கிழங்குகளை வாங்கி இலையுதிர் காலத்தில் நட்டீர்கள். அடுத்த பிப்ரவரியில் நீலமும் மஞ்சளுமாகப் பூத்தன. குனிந்து முகர்ந்து பார்த்தீர்கள், மணம் ஒன்றும் தெரியவில்லை. இந்த வருடம் அதே இடத்தில் புல் மாதிரி மெல்லிய இலைகள் மட்டும் வந்திருக்கின்றன, பூவே இல்லை. குளிர்காலத்தின் கடைசியில் பூக்கிற, நல்ல மணமுள்ள வேறு ரகம் எது என்று கேட்கிறீர்கள். ரகத்தின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டு கேள்விகள்: மணம் ஏன் கிடைக்கவில்லை, பூ ஏன் திரும்பி வரவில்லை? இவற்றுக்குப் பதில் தெரியாமல் புது ரகம் வாங்கினால் இரண்டு வருடம் கழித்து இதே கேள்வியைத்தான் கேட்பீர்கள். நான் தோட்டக்கலை படித்தவன். 20 வருடங்களுக்கு மேலாகக் கிழங்குச் செடிகளைத் தொட்டியிலும் மண்ணிலும் வளர்த்து வருகிறேன். அதில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குட்டை ஐரிஸ் என்ற பெயரில் வெவ்வேறு வகை ஐரிஸ்கள் விற்கப்படுகின்றன. மடிந்த இதழில் தாடி போல மயிர் வரிசை உள்ள தாடி ஐரிஸ் குடும்பத்தில் ஐரிஸ் பூமிலாவும் அதன் கலப்புகளும் குட்டையானவைதான், சிலவற்றுக்கு நல்ல மணமும் உண்டு. ஆனால் அவை பூப்பது வசந்தத்தில், நீங்கள் எதிர்பார்க்கும் காலத்துக்கு ஒன்றிரண்டு மாதம் பிந்தி. நீங்கள் நட்டது ஐரிஸ் ரெட்டிகுலேட்டா கூட்டத்தைச் சேர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிப்ரவரியில் பூத்தது, அப்போது ஒரு சாண் உயரம்கூட இல்லாதது, பிறகு இலை நீண்டு புல்லாக நின்றது, இந்த மூன்று அடையாளமும் வேறு எதற்கும் சேர்ந்து பொருந்தாது. நம் கணக்கில் பின்பனி என்று சொல்கிற காலத்தின் பூ அது. நான் மாதம் சொல்லும் இடமெல்லாம் பூமியின் வடபாதிக்கான கணக்கு. தென்பாதியில் இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செடியின் சொந்த ஊர் துருக்கி, காக்கசஸ், ஈராக், ஈரான் பகுதிகளின் மலைச்சரிவுகள். அந்த நிலத்தின் பருவத்தை மனதில் கொண்டுவந்தால் வளர்ப்பு முறையில் பாதி புரிந்துவிடும். குளிர்காலத்தில் கிழங்கு பனிக்கடியில் கிடக்கும். பனி உருகும்போது மண் முழுக்க ஈரம், அந்த ஈரத்தில் பூத்து இலை விடும். கோடை வந்ததும் மண் காய்ந்து சூடேறும், செடி மேலே தடம் தெரியாமல் மறைந்து கீழே தூங்கும். நடுகிறவர்கள் குளிரைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். குளிர் இதற்குப் பழகிய விஷயம். பூத்து முடிந்ததும் கிடைக்காமல் போகும் ஈரமும், கோடையில் கிடைத்துவிடும் ஈரமும்தான் இதைக் கெடுக்கின்றன.

ஒரு கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரிய பூண்டுப் பல் அளவுதான் இருக்கும், ஒரு பக்கம் கூர்ந்து நீர்த்துளி வடிவில். மேல் தோல் வெங்காயத் தோல் போல வழுவழுப்பாக இருக்காது. பழுப்பு நிற நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வலைப்பை மாதிரி மூடியிருக்கும். ரெட்டிகுலேட்டா என்ற லத்தீன் சொல்லுக்கே வலைபோன்றது என்றுதான் பொருள். இலையை விரலுக்கிடையில் உருட்டினால் நான்கு விளிம்புகள் தட்டுப்படும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் சதுரமாக இருக்கும். உங்கள் இலைகளில் இந்த நான்கு விளிம்பு இருந்தால் அவை ஐரிஸேதான், களைப் புல் இல்லை. பிடுங்கிவிடாதீர்கள்.

பூவையும் ஒருமுறை அருகில் வைத்துப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் இதன் அமைப்பு விநோதமானது. நாம் தண்டு என்று நினைப்பது தண்டே இல்லை, பூவின் கழுத்து. இதழ்கள் அடியில் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குழலாகி மண்ணுக்குள் இறங்குகின்றன. சூலகம் மண்மட்டத்துக்குக் கீழே கிழங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். கடுங்குளிரில் மேலே பூ வாடினாலும் விதை உருவாகும் இடம் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. மகரந்தம் சேர்ந்திருந்தால், பூ போய் இரண்டு மாதம் கழித்து, நாம் மறந்தே போன நேரத்தில், விதைக்காய் மண்ணை விலக்கிக்கொண்டு மேலே எட்டிப் பார்க்கும். மேலே விரிந்திருப்பதில் கீழ்நோக்கி மடிந்த இதழ்கள் மூன்று, நிமிர்ந்தவை மூன்று, சூல்தண்டின் கிளைகள் மூன்று. மடிந்த இதழின் நடுவில் மஞ்சளோ ஆரஞ்சோ ஒரு வரப்பு ஓடும், வண்டுக்குப் போட்ட பாதை அது. ஒவ்வொரு மடிந்த இதழும் மேலே கவிந்த சூல்கிளையோடு சேர்ந்து தனி ஒரு சுரங்கமாக இருப்பதால், ஒரே பூ வண்டுக்கு மூன்று பூவாகிறது.

சரி, மணத்துக்கு வருவோம். உங்கள் பூவில் மணம் இல்லாததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அவற்றில் இரண்டு உறுதியாகத் தெரிந்தவை, மூன்றாவது ஆளுக்கு ஆள் மாறும்.

முதல் காரணம் குளிர். மணம் என்பது ஆவியாகி மூக்குக்கு வந்து சேர வேண்டிய பொருள். மூன்று நான்கு டிகிரி குளிரில், காற்று வீசும் திறந்த வெளியில், தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் பூவிலிருந்து உங்கள் மூக்குவரை ஒன்றும் வராது. அதே பூ இருக்கும் தொட்டியை ஒரு மாலை வீட்டுக்குள் கொண்டுவந்து மேசைமேல் வையுங்கள். கால் மணி நேரத்தில் கவனிப்பீர்கள். அறை முழுக்கப் பரவும் மல்லிகை மணம் அல்ல இது. அருகில் போனால் வயலெட் பூவின் மணம் போல மென்மையாக, கொஞ்சம் பவுடர் வாடையோடு வரும். எனக்கு ஒவ்வொரு வருடமும் அந்த முதல் மாலைக்காகவே இதை நடத் தோன்றும்.

இரண்டாவது காரணம் ரகம், இங்கேதான் அட்டை உங்களை ஏமாற்றியிருக்கிறது. இன்று விற்பனையில் இருப்பவற்றில் பல, ரெட்டிகுலேட்டாவோடு ஹிஸ்ட்ரியாய்டிஸ் என்ற இன்னொரு இனத்தைக் கலந்து உண்டாக்கியவை. ஹிஸ்ட்ரியாய்டிஸ் துருக்கியின் வடபகுதிச் செடி. பூ பெரியது, சீக்கிரம் பூக்கும், உறுதியானது, ஆனால் மணம் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே கலப்பு ரகத்தில் பூ எவ்வளவு பெரிதாக, எவ்வளவு முந்தி வருகிறதோ, அந்த அளவுக்கு மணம் குறைந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். இதைக் கண்டிப்பான விதியாகச் சொல்லவில்லை, வாங்கும்போது உதவும் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். மணம்தான் முக்கியம் என்றால் கலப்பில்லாத ரெட்டிகுலேட்டாவைத் தேடுங்கள், அடர் ஊதா நிறம், நடுவில் ஆரஞ்சு வரப்பு. அடுத்தது 'ஜே. எஸ். டைட்' என்ற பழைய ரகம், செவ்வூதா நிறம், கொஞ்சம் பிந்திப் பூக்கும், மணம் உண்டு. பாக்கேரியானா என்ற இனமும் நல்ல வயலெட் மணம் உள்ளது. அதன் இலையில் நான்குக்குப் பதில் எட்டு விளிம்பு இருக்கும், உருண்டையாகத் தோன்றும். ஆனால் மழை பெய்யும் கோடையை அது தாங்காது, தொட்டியில் வைத்தால்தான் காப்பாற்றலாம். உங்கள் மஞ்சள் பூ டான்ஃபோர்டியே என்ற இனமாக இருக்க வேண்டும், அதற்குத் தேன் மணம் உண்டு. உங்கள் நீலப் பூ பெரும்பாலும் 'ஹார்மனி'யாக இருக்கும் என்று ஊகிக்கிறேன், கலவைப் பொட்டலங்களில் அதிகம் வருவது அதுதான், மணம் மிகக் குறைவு. இது ஊகம் மட்டுமே. படத்தைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது காரணம் நம் மூக்கு. வயலெட் மணத்துக்கு மூலமான அயனோன் என்ற பொருளுக்கு ஒரு குணம் உண்டு: சில நொடிகள் முகர்ந்தால் மூக்கு அதற்கு மரத்துப்போகும், விலகி நின்று திரும்பி வந்தால் மறுபடி தெரியும். அதிலும் பீட்டா அயனோன் என்ற வகையை உணர்வது ஒரு மரபணு வேறுபாட்டைப் பொறுத்தது. ஒருவருக்கு இனிமையாகத் தெரிவது பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றுமில்லாமல் போகலாம். வயலெட் மணம் தரும் இந்த ஐரிஸிலும் நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். ஒரே பூவை இரண்டு பேரிடம் கொடுத்தால் ஒருவர் கண்ணை மூடி ரசிப்பார், மற்றவர் உதட்டைப் பிதுக்குவார். அதனால் உங்கள் பூவை மணமற்றது என்று முடிவு செய்வதற்கு முன் வீட்டில் இன்னொருவரை முகரச் சொல்லுங்கள்.

அழகுக்காக ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். 'காதரின் ஹாட்ஜ்கின்' என்று ஒரு ரகம். 1950களில் இங்கிலாந்தில் ஈ. பி. ஆண்டர்சன் என்பவர் ஹிஸ்ட்ரியாய்டிஸையும் ஜார்ஜியா நாட்டு மலைகளில் வளரும் அரிய மஞ்சள் இனமான வினோகிராடோவியையும் சேர்த்து உண்டாக்கியது. வெளிறிய நீலமும் மங்கிய மஞ்சளும் கலந்து, மேலே நரம்பு நரம்பாகக் கோடு ஓடிய பூ. மணம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் வருடா வருடம் தவறாமல் திரும்பி வருவதில் இதை மிஞ்ச இந்தக் கூட்டத்தில் ஆள் குறைவு. வினோகிராடோவி கோடையிலும் ஈரம் இருக்கும் மலைப்புல்வெளிச் செடி, அதனால் அதன் பிள்ளைக்கும் கோடை மழை அவ்வளவாகக் கெடுதல் செய்வதில்லை என்று நினைக்கிறேன். உங்கள் மண் எப்போதும் ஈரமாக இருப்பது என்றால், மணத்துக்குத் தொட்டியில் ரெட்டிகுலேட்டா, நிலத்தில் 'காதரின் ஹாட்ஜ்கின்' என்று பிரித்துக்கொள்வது நல்லது.

இனி பூ திரும்பி வராத கதை. நீங்கள் நட்ட கிழங்கு இப்போது உயிரோடு இல்லை. இதைச் சொன்னால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. இந்த ஐரிஸில் தாய்க் கிழங்கு ஒவ்வொரு வருடமும் தன்னையே செலவழித்துவிடும். பூவுக்கும் முதல் இலைக்கும் அதன் சேமிப்பு போய்விட, அதன் இடத்தில் புதிதாக ஒன்றோ பலவோ உருவாகும். அந்தப் புதுக் கிழங்கு பூக்கும் அளவுக்குப் பருத்ததா இல்லையா என்பதுதான் மொத்தக் கேள்வியும். விற்பனைக்கு வருவது பெரும்பாலும் 6 சென்டிமீட்டர் சுற்றளவோ அதற்கு மேலோ உள்ளது. நிபுணர்கள் வளர்த்துப் பெருக்க வைத்த கிழங்கு அது, முதல் வருடப் பூ அவர்கள் போட்ட உரத்தின் பலன். நீங்கள் மண்ணைக் கிளறி நட்டாலே போதும், பூத்துவிடும். இரண்டாம் வருடப் பூ உங்களுடையது.

அந்தப் பூவைச் சம்பாதிக்கிற காலம் பூ வாடியதிலிருந்து இலை மஞ்சளாகும் வரை உள்ள ஏழெட்டு வாரம். பூக்கும்போது விரல் நீளம் இருந்த இலை அதற்குப் பிறகுதான் 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். பார்க்க அலங்கோலமாகச் சாயும். நமக்கு உடனே கத்தரிக்கோல் ஞாபகம் வரும். வேண்டாம். அந்த இலைதான் அடுத்த வருடக் கிழங்குக்குச் சாப்பாடு செய்கிற இடம். வெட்டக் கூடாது, முடிச்சுப் போடக் கூடாது, பக்கத்துச் செடி மேலே சாய்ந்து வெயிலை மறைக்கவும் கூடாது. நான் ஆரம்பத்தில் இதே தவற்றைச் செய்தேன். ஒரு வரிசை முழுக்க இலைகளை மடித்து ரப்பர் வளையம் போட்டு ஒழுங்குபடுத்தி வைத்தேன். பக்கத்து வரிசையை நேரமில்லாமல் அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த பிப்ரவரியில் விட்டுவைத்த வரிசை பூத்தது, ஒழுங்குபடுத்திய வரிசையில் நான்கைந்து பூதான். அன்றிலிருந்து இந்தச் செடியின் இலையை நான் தொடுவதில்லை.

அந்த ஏழெட்டு வாரத்தில் மண் காயக் கூடாது. வசந்தத்தில் மழை தவறினால் நீங்கள்தான் தண்ணீர் விட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாம்பல்சத்து அதிகமுள்ள திரவ உரத்தை, தக்காளிச் செடிக்கு என்று விற்பார்களே அதை, அட்டையில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து விடுங்கள். தழைச்சத்து மிகுந்த உரம் வேண்டாம். இலை கொழுக்கும், கிழங்கு மென்மையாகி அழுகலுக்கு இடம் கொடுக்கும். இலை முழுக்க மஞ்சளாகிக் காய்ந்த அன்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். அதிலிருந்து இலையுதிர் காலம் வரை சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. கோடைச் சூட்டில் அது சும்மா கிடப்பது போலத் தெரியும், ஆனால் அடுத்த வருடப் பூவின் கருவை உள்ளே உருவாக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பக்கத்துச் செடிக்குத் தினமும் விடுகிற தண்ணீர் இதற்கும் போய்ச் சேர்ந்தால், ஒன்று அழுகும், இல்லையென்றால் பூவில்லாமல் முளைக்கும். கோடைப் பூச்செடிகளுக்கு நடுவில் நட்டவர்கள்தான் எப்போதும் 'இரண்டாம் வருடம் காணோம்' என்று எழுதுகிறார்கள். உங்கள் படுகையிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா?

மஞ்சள் டான்ஃபோர்டியே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அது உங்களை ஏமாற்றும் வாய்ப்பு அதிகம். பூத்து முடிந்ததும் அதன் கிழங்கு சிதறி, அரிசி மணி அளவில் ஏராளமான குஞ்சுகளாகிவிடும். அவை ஒவ்வொன்றும் பூக்கும் பருவத்துக்கு வர வருடங்கள் ஆகும். ஆழமாக, 10 சென்டிமீட்டருக்கும் கீழே நட்டால் சிதறாது என்று பலர் எழுதுகிறார்கள். நானும் 15 சென்டிமீட்டர் வரை வைத்துப் பார்த்தேன். சில கிழங்குகள் முழுதாக இருந்தன, சில சிதறின. ஆழத்தோடு உரமும் சேர்ந்தால் பலன் கூடுகிறது என்பது என் எண்ணம், ஆனால் இதை நிரூபணமான முறை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். என் யோசனை: டான்ஃபோர்டியேயை ஒரு வருடச் செடியாகவே நினைத்து, பிடித்திருந்தால் ஆண்டுதோறும் புதிதாக வாங்குங்கள்.

நடுவது சுலபம், அதில் நீங்கள் தவறு செய்திருக்க மாட்டீர்கள். செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள், முடிந்தவரை முந்தி. கிழங்கின் கூர்முனை மேலே, ஆழம் 8 முதல் 10 சென்டிமீட்டர், இடைவெளி 5 முதல் 8. நல்ல வெயில் விழும் இடம். புளித்த மண்ணைவிடச் சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும். எல்லாவற்றையும் விட முக்கியம் வடிகால். ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள், ஒரு மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் அந்த இடம் ஆகாது. களிமண்ணில் ஒரு பிடி மணலைக் குழிக்குள் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அந்தக் குழி சின்னக் கிணறாகித்தான் நிற்கும். மேட்டுப்பாத்தி கட்டி, பரும்மணலும் சின்னச் சரளையும் மூன்றில் ஒரு பங்காவது கலந்து, அதில் நடுங்கள்.

மணத்துக்காக நடுகிறவர்களுக்குத் தொட்டிதான் என் முதல் பரிந்துரை. பூவை மூக்குக்குக் கொண்டுவர அதுதான் வழி, கோடையில் மழை படாத இடத்துக்கு நகர்த்தவும் முடியும். 15 சென்டிமீட்டர் அகலத் தொட்டியில் பத்துக் கிழங்குகளை ஒன்றையொன்று தொடாமல் நெருக்கமாக வைக்கலாம். தோட்ட மண், பரும்மணல், மக்கிய இலை எரு மூன்றும் சம பங்கு. ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டுக் குளிரில் வையுங்கள். 9 டிகிரிக்குக் கீழே 12 முதல் 15 வாரம் குளிர் பட்டால்தான் பூ ஒழுங்காக வெளியே வரும். முந்தியே வீட்டுக்குள் கொண்டுவந்தால் மொட்டு உள்ளேயே கருகிவிடும். இயற்கையில் அவ்வளவு குளிர் இல்லாதவர்கள் தொட்டியோடு குளிர்பெட்டியில் வைக்கலாம், ஆனால் அதே பெட்டியில் ஆப்பிள், வாழை போன்ற பழங்கள் இருக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கொன்றுவிடும். உறைபனி கடுமையாக இருந்தால் தொட்டியைச் சுவரோரம் சேர்த்து வையுங்கள், அல்லது மண்ணில் புதைத்து வையுங்கள். தொட்டியில் இருக்கும் வேர் நாலா பக்கமும் உறையும், தரையில் அந்த ஆபத்து இல்லை.

மொட்டு நீலக் கூராகக் கூம்பி நிற்கும்போது உள்ளே கொண்டுவாருங்கள். இந்தக் காட்சிக்காக நான் விழித்திருப்பேன்: சுருட்டிய குடை போல இருக்கும் மொட்டு, அறைச் சூட்டில் முதலில் நுனி தளரும், பிறகு ஒரு மடிந்த இதழ் சட்டென்று விடுபட்டு விழும், மற்ற இரண்டும் அதைத் தொடரும். உட்கார்ந்து பார்த்தால் கண்ணெதிரே நடக்கும். ஆனால் சூடான அறையிலேயே விட்டுவிட்டால் பூவின் ஆயுள் இரண்டு மூன்று நாள். வெளிக்குளிரில் அதே பூ ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். அதனால் மாலையில் உள்ளே, இரவு தூங்கப் போகும்போது மறுபடி குளிர்ந்த ஜன்னலோரம் அல்லது வெளியே. பூ முடிந்ததும் தொட்டியை மறந்துவிடாமல் வெயிலில் வைத்து, மேலே சொன்ன தண்ணீரும் உரமும் கொடுங்கள்.

நோய் என்று பார்த்தால் ஒன்றைத்தான் நான் பயப்படுவேன். மை நோய் என்று சொல்வார்கள், ஒருவகைப் பூஞ்சை. கிழங்கின் வலைத்தோலில் மை சிந்தியது போலக் கறுப்புத் திட்டுகள் தோன்றும், இலையும் கறுத்துக் கருகும், கடைசியில் உள்ளே கரித்தூள்தான் இருக்கும். அதற்கு மருந்து தேடி நேரம் கழிக்க வேண்டாம். அந்தக் கிழங்குகளைக் குப்பையில் போடுங்கள், எருக்குழியில் அல்ல. அந்த இடத்தில் பல வருடத்துக்கு ஐரிஸ் நடாதீர்கள். வாங்கும்போதே ஒவ்வொரு கிழங்கையும் திருப்பிப் பார்த்து, கறுப்புத் திட்டு இருப்பதை ஒதுக்கிவிடுவதுதான் பெரிய பாதுகாப்பு. நத்தை மொட்டைக் கடிக்கும், கையால் பொறுக்கினால் போதும். அப்புறம், வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கிழங்கைக் கடிக்க விடாதீர்கள், வயிற்றைக் கெடுக்கும்.

குளிர் அவ்வளவு இல்லாத இடத்தில் இருப்பவராக இருந்தால், அல்லது இத்தனை வேலையும் வேண்டாம் என்று தோன்றினால், குட்டை என்ற நிபந்தனையைச் சற்றுத் தளர்த்தி ஐரிஸ் உங்குயிகுலாரிஸைப் பாருங்கள். அல்ஜீரியா, துனீசியா, கிரேக்கம், துருக்கி பகுதிகளின் செடி. கிழங்கு இஞ்சி மாதிரி கிடையாகப் படரும், இலை முழங்கால் உயரம் வரை போகும், பூ இலைக்கு நடுவில் தாழ்வாக நிற்கும். நவம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை, குளிர் சற்றுத் தணியும்போதெல்லாம் விட்டு விட்டுப் பூக்கும். 'வால்ட்டர் பட்' என்ற வெளிறிய நீல ரகம் மணத்துக்குப் பேர்போனது. இதற்கு உரமே வேண்டாம். வெயில் விழும் சுவரடியில், கல்லும் சுண்ணாம்புமான மட்டமான மண்ணில் நட்டுவிட்டு இரண்டு மூன்று வருடம் பொறுமையாக இருக்க வேண்டும். இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு ஒரு வருடம் பூக்காது. இதிலும் பூத்தண்டு என்று தெரிவது பூவின் கழுத்துதான். மொட்டாக இருக்கும்போதே கத்தரிக்காமல் மெதுவாக இழுத்து எடுத்து ஒரு குவளைத் தண்ணீரில் வைத்தால், வீட்டுக்குள் விரிந்து நன்றாக மணக்கும்.

கடைசியாக, இப்போது உங்கள் படுகையில் நிற்கும் அந்தப் புல் இலைகளுக்கு என்ன செய்வது என்பது. உங்கள் மண்ணையும் வடிகாலையும் நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் காரணம் கோடை ஈரமா, பசியா, கிழங்கு சிதறியதா என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இலை பச்சையாக இருக்கும்வரை தண்ணீரும் அரைப் பங்கு உரமும் கொடுத்துக்கொண்டிருங்கள். இலை முழுக்கக் காய்ந்ததும், மே கடைசியிலோ ஜூனிலோ, ஒரு மூலையில் ஐந்தாறு கிழங்குகளை மட்டும் தோண்டி எடுங்கள். ஒரு நூலைச் சுற்றி அளந்து பாருங்கள். 6 சென்டிமீட்டரை ஒட்டி இருந்தால் அடுத்த பிப்ரவரியில் பூ நிச்சயம் எதிர்பார்க்கலாம், கோடையில் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். விரல் நகத்தளவு இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு வருடம் இலைக்குச் சாப்பாடு போட வேண்டும். அரிசி மணியாக இருந்தால் அது டான்ஃபோர்டியே, விட்டுவிடலாம். மெத்தென்று அமுங்கினாலோ கறுப்புத் தெரிந்தாலோ மொத்தப் படுகையையும் தோண்டிச் சோதித்து, நல்லவற்றை மட்டும் காற்றோட்டமான நிழலில் உலர்த்தி வைத்து, செப்டம்பரில் வேறு இடத்தில் நடுங்கள். தோண்டியதும் அளவையும் தோலின் நிறத்தையும் இதே இடத்தில் எழுதுங்கள், அதை வைத்து அடுத்ததைச் சொல்கிறேன்.